பின் சீட்டு வேண்டாதவள்

நாற்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி தனக்கென்று பழைய கார் ஒன்று வாங்கப் போகிறாள் என்றால் என்னவெல்லாம் கேட்கலாம்? எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எந்த வருஷத்து வண்டி, டயர் எப்படி இருக்கிறது என்று கேட்கலாம். இவளிடம் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. வீட்டிலும் தெருவிலும் வேலை பார்க்கும் இடத்திலும் சொல்லிவைத்தாற்போல ஒரே கேள்விதான். பின்னாடி யார் உட்காருவார்கள்?

"சைக்கிள்" என்றாள் அவள்.

கேட்டவர்கள் சிரித்தார்கள். அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பது புரிய அவர்களுக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

அவளைக் கட்டிங் அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். காருக்கு சீட் கவர் தைக்கும் பட்டறையில் இருபத்தாறு வருஷமாக ரெக்சின் வெட்டுகிறாள். புதிதாக ஒரு மாடல் கார் வந்தால் சீட்டின்மேல் காகிதத்தைப் போர்த்தி, விளிம்பைப் பென்சிலால் தடவி எடுத்து, தடித்த அட்டையில் வரைந்து வெட்டி, ஓட்டை போட்டுச் சுவரில் மாட்டிவிடுவாள். அதற்குப் பட்டறையில் பேட்டர்ன் என்று பெயர். சுவரில் முந்நூறு பேட்டர்னாவது தொங்கும். அவள் வெட்டிக் கொடுத்தது பொருந்தவில்லை என்று ஒரு கவர்கூடத் திரும்பி வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், யார் வீட்டுச் சொத்து?

சைக்கிள் அவளிடம் வந்து நாலு வருஷம் ஆகிறது. வெளிநாட்டுக்குக் குடிபோகிற ஒரு டாக்டர், காரை விற்பதற்கு முன்னால் சீட்டைச் சரிசெய்ய வந்தார். டிக்கியில் ஒரு மலை சைக்கிள் கிடந்தது. தடித்த டயர், முன்பக்கம் ஸ்பிரிங், இருபத்துநாலு கியர். "இதையும் யாராவது வாங்கிப்பாங்களா?" என்று சும்மா கேட்டார். "நான் வாங்கிக்கிறேன்" என்று அவள் வாய் சொல்லிவிட்டது. மனசு பிறகுதான் வந்து சேர்ந்தது. அதன்பின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஊரைத் தாண்டி வெகுதூரத்தில், மூடிப்போன கல்குவாரிக்குப் பின்னால் ஏறுகிற மலைப்பாதையில் அவளைப் பார்க்கலாம். விழுந்து எழுந்து, முழங்கையில் தழும்பு வாங்கி, மூச்சிரைக்க உச்சிக்குப் போய், மறுபுறம் கல்லும் மண்ணும் தெறிக்க இறங்கி வருவாள். வாரத்தில் அந்த நாலு மணி நேரத்தில்தான் அவளை யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள்.

அங்கே கூட்டிப்போனவள் ஒரு நர்ஸ், அவளும் சைக்கிள்காரி. சரக்கு ஏற்றுகிற சின்ன வண்டி ஒன்று அவளிடம் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் நர்ஸுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. பஸ்ஸில் சைக்கிளை ஏற்ற விடமாட்டார்கள். முப்பத்தெட்டு கிலோமீட்டர் லாரிக்கு நடுவே மிதித்துப் போய், அதற்குமேல் மலையும் ஏற முழங்கால் ஒத்துக்கொள்ளாது. சைக்கிள் நடைவழியில் சுவரோரமாக நின்றது. முதல் வாரம் அதன்மேல் தூசி படிந்தது. மூன்றாவது வாரம் தம்பி பெண்ணின் பள்ளிச் சீருடையை ஹேண்டில்பாரில் யாரோ காயப்போட்டிருந்தார்கள்.

அதைப் பார்த்த அன்றைக்குத்தான் கார் வாங்குவது என்று முடிவு செய்தாள்.

வீட்டில் அவள், அம்மா, தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய பெண். தம்பி கெட்டவன் இல்லை. அக்கா கார் வாங்குகிறாள் என்றதும் அவனுக்கு உண்மையாகவே சந்தோஷம். அக்காவின் கார் என்றால் வீட்டுக் கார் என்று அவன் எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

"நல்ல நீளமான வண்டியா எடுக்கலாம்கா. அஞ்சு பேரும் தாராளமா போகலாம்."

"எனக்குச் சின்ன வண்டிதான் வேணும். பின் சீட்டை மடக்கினா சைக்கிள் படுக்கணும். மலை ரோட்டுல மிதிச்சா பாயணும்."

"சைக்கிளுக்குக் கார் பின்னாடி ஒரு ஸ்டாண்டு மாட்டிக்கலாமே. வேணும்ங்கறப்ப மாட்டலாம், வேணாம்ங்கறப்ப கழட்டலாம்."

அந்தக் 'கழட்டலாம்'தான் அவளுக்கு உதைத்தது. அந்த வீட்டில் எது கழன்றாலும் திரும்ப மாட்டப்படுவதில்லை. ஆறு வருஷத்துக்கு முன், 'இந்த ஒரு பரீட்சைக்கு மட்டும்' என்று தம்பி பெண் படிப்பதற்கு அவளுடைய அறையைக் கேட்டார்கள். கொடுத்தாள். பரீட்சை முடிந்தது, அடுத்த பரீட்சை வந்தது, அறைச் சுவரில் அட்டவணையும் பூகோளப் படமும் ஏறின. அவள் இன்னும் கூடத்தில்தான் படுக்கிறாள். அறையைக் கொடுத்ததில் அவளுக்கு வருத்தமில்லை. திருப்பிக் கேட்க வாய் வராததில்தான் வருத்தம். காரில் அந்த வாய்ப்பையே வைக்கக் கூடாது என்று நினைத்தாள்.

பழைய கார் விற்கும் யார்டுகள் ஊரின் ஓரத்தில் இருந்தன. 'பொம்பளை தனியா போனா தலையில கட்டிடுவாங்க' என்று தம்பி தன் மோட்டார் பைக்கில் கூட்டிப்போனான். பைக்கின் பின்னால் சைக்கிளை எப்படிக் கொண்டுபோவது? அவள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். சைக்கிளின் முன் சக்கரத்தைக் கழற்றி, சீட்டை இறக்கி, தரையில் படுக்கவைத்து, சுற்றிலும் வரைந்து, ஒரு பேட்டர்ன் வெட்டினாள். பைக்கில் உட்கார்ந்து அந்த அட்டைச் சைக்கிளைக் கேடயம்போலப் பிடித்துக்கொண்டு போனாள். காற்றடிக்கும்போதெல்லாம் பைக் ஒரு பக்கமாக இழுத்தது, தம்பி முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினான்.

முதல் யார்டில் ஒரு வெள்ளைக் கார். மீட்டரில் முப்பதாயிரம் கிலோமீட்டர் காட்டியது. யார்டுக்காரர் எஞ்சினைப் பற்றித் தம்பியிடமே பேசிக்கொண்டிருந்தார். அவள் கதவைத் திறந்து, ஓட்டுகிறவர் சீட்டின் வெளி ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"மீட்டர் முப்பதாயிரம்னு சொல்லுது. சீட்டு லட்சத்துக்கு மேலன்னு சொல்லுது. நான் யாரை நம்பறது?"

"அது... முன்னாடி ஓட்டினவர் கொஞ்சம் குண்டு, மேடம்."

"குண்டா இருந்தா நடுவுல அமுங்கும். ஓரம் இப்படித் தேயணும்னா ஏறி இறங்கி ஏறி இறங்கியே தேஞ்சிருக்கணும். முப்பதாயிரத்துக்குள்ள இத்தனை தடவையா? வீட்டுக்கு வீடு இறங்கி நலம் விசாரிச்சாரா?"

யார்டுக்காரர் கார்க் கதவைச் சாத்திப் பூட்டினார். தம்பி வெளியே வந்து ஹெல்மெட்டை மாட்டும்போது, "இதெல்லாம் எப்போக்கா கத்துக்கிட்டே?" என்றான். இருபத்தாறு வருஷமாக எங்கே போய் வந்துகொண்டிருந்தாள் என்று நினைத்தானோ தெரியவில்லை.

இரண்டாவதில் டிக்கி வாய் குறுகல். மூன்றாவதில் அட்டை தாராளமாக நுழைந்தது, ஆனால் மேடு ஏறும்போது எஞ்சின் முனகிய முனகலைக் கேட்டு இறங்கித் தள்ளலாமா என்று தோன்றியது. நாலாவது யார்டில்தான் அந்தச் சிவப்புக் கார் நின்றது. குட்டை உடம்பு, அகலமான டயர். ஓட்டுகிறவர் சீட்டு மீட்டர் காட்டிய அளவுக்கே தேய்ந்திருந்தது. பின் சீட்டில் யாரும் உட்கார்ந்த சுவடே இல்லை. டார்ச் அடித்து அடிப்பக்கம் பார்த்தாள், துரு இல்லை. டயர்கள் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. ஓட்டிப் பார்க்கச் சாவி வாங்கினாள். யார்டுக்காரர் முன்னால் ஏற, தம்பி பின்னால் முழங்காலை மடக்கி உட்கார்ந்தான். ரிங் ரோட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் முதுகு சீட்டோடு போய் ஒட்டியது.

"அடேயப்பா!" என்றாள்.

"அக்கா, மெதுவா!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது.

இதுதான் என் வண்டி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. யார்டுக்குத் திரும்பி, பின் சீட்டை மடக்கி, அட்டையை நுழைத்தாள். டிக்கி வாயில் அது சிக்கிக்கொண்டது. ஒரு விரல் அகலம் இடித்தது. சாய்த்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள்.

"கொஞ்சம் வளைச்சு அமுக்குங்க மேடம், போயிடும்" என்றார் யார்டுக்காரர்.

"அட்டை வளையும். சைக்கிள் வளையாது."

தம்பியின் முகத்தில் ஓர் ஆறுதல் வந்தது. மறைக்கத்தான் பார்த்தான், பாவம், மறைக்கத் தெரியவில்லை. "விடுக்கா. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் அவரோட பெரிய வண்டியை விக்கிறார். சனிக்கிழமை போய்ப் பாத்துட்டு முடிச்சிடலாம். ஸ்டாண்டு நான் வாங்கித் தரேன்."

"சரி" என்றாள். அவளுடைய பேட்டர்னே பொருந்தவில்லை என்று ஆன பிறகு வேறு என்ன சொல்வது? அன்று வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கார் போனதற்காக அழவில்லை. 'சரி' என்ற சொல் இத்தனை சுலபமாக வந்துவிட்டதே என்று அழுதாள்.

வெள்ளிக்கிழமை காலை அந்த அட்டையைப் பட்டறைக்கு எடுத்துப் போனாள். நல்ல தடித்த அட்டை, வீணாக்குவானேன், தலை சாய்க்கும் திண்டுக்கு ஒரு பேட்டர்ன் வெட்டிக்கொள்ளலாம் என்று மேஜைமேல் போட்டாள். முதல் மெஷினில் உட்கார்ந்து தைக்கும் அண்ணன், அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் வெட்டுவதைத் தைக்கிறவர், எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இது என்ன?"

"சைக்கிள்ணே."

"அது தெரியுது. இதுல எதுக்கு ரெண்டு கோடு?"

அவள் குனிந்து பார்த்தாள். உள்ளே ஒரு பென்சில் கோடு. அதற்கு வெளியே, சுற்றிலும் சரியாக அரை இஞ்சு தள்ளி, வெட்டிய விளிம்பு. எந்தக் கவர் வெட்டினாலும் தையலுக்கென்று அரை இஞ்சு விட்டுத்தான் வெட்ட வேண்டும். இருபத்தாறு வருஷப் பழக்கத்தில் கை தானாகவே விட்டிருக்கிறது.

"தையலுக்கு விட்டிருக்கியே, சைக்கிளை எதோட சேத்துத் தைக்கப் போறே?" என்றார் அண்ணன்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பக்கத்துக்கு அரை இஞ்சு என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு இஞ்சு. டிக்கியில் இடித்தது ஒரு விரல் அகலம்தான்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். ஹேண்டில்பாரிலிருந்த சீருடையை எடுத்து நாற்காலியில் போட்டாள்.

"அண்ணி, அது இன்னும் காயலையே" என்றாள் தம்பி மனைவி.

"கொடியில போடு, காயும்."

யார்டுக்குப் பதினோரு கிலோமீட்டர். யாரையும் கூப்பிடவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. வெயிலில் லாரிகளுக்கு இடது பக்கமாக மிதித்துக்கொண்டு போய், ரெக்சின் தூசி படிந்த வேலை உடுப்போடு யார்டுக்குள் நுழைந்தாள்.

"அன்னைக்கு அட்டையோட வந்தீங்க, இன்னைக்கு நிஜமாவே கொண்டுவந்துட்டீங்களா?" என்றார் யார்டுக்காரர். "நாளைக்கு ஒரு பார்ட்டி இந்த வண்டியைப் பாக்க வராங்களே மேடம்."

"வரட்டும். காலி இடத்தைப் பாத்துட்டுப் போகட்டும்."

முன் சக்கரத்தைக் கழற்றினாள். சீட்டை இறக்கினாள். சைக்கிளைப் படுக்கவைத்துத் தள்ளினாள். ஹேண்டில்பார் நுனி கதவு ரப்பரை லேசாகத் தடவிக்கொண்டு உள்ளே போனது. பின் கதவை இறக்கினாள். அது முழுசாக மூடிய சத்தம் கேட்டதும் அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. அங்கேயே காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.

விஷயம் தெரிந்ததும் தம்பி வாசலுக்குப் போய் அந்தப் பெரிய வண்டி வேண்டாம் என்று ஆபீஸ்காரருக்குப் போன் செய்தான். அம்மா மட்டும், "முன் சீட்டு சாயுமாடி?" என்றாள். சாயும் என்றதும், "அப்போ எனக்குப் போதும்" என்று டீவிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை முழுக்க அவள் காரோடு பட்டறையில் இருந்தாள். சாயங்காலம் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு, கையில் சைக்கிளோடு வெளியே வந்தபோது தம்பி குடும்பத்தோடு புதுச் சட்டையில் காருக்குப் பக்கத்தில் நின்றான். மனைவியின் அக்கா வீடு மாறியிருந்தாள், பார்க்கப் போக வேண்டுமாம்.

"இந்த ஒரு தடவை மட்டும் சீட்டை நிமித்துக்கா. மலை எங்கேயும் ஓடிப் போயிடாது."

அவனே டிக்கியைத் திறந்தான். மடக்கிய சீட்டின்மேல், முன் சீட்டு வரைக்கும், ஒரே துண்டாகத் தடித்த கறுப்பு விரிப்பு. நாலு ஓரமும் இரட்டைத் தையல் போட்டு, சீட்டு நிமிர முடியாதபடி அடியோடு இழுத்து முடுக்கியிருந்தது. தம்பி விளிம்பைத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தான்.

"ஜிப் எங்கக்கா?"

"வைக்கல."

"மறந்துட்டியா?"

"மறக்கல."

அவன் நிமிர்ந்தான். கோபத்தைவிட வருத்தம்தான் முகத்தில் அதிகம் இருந்தது. சின்ன வயதில் அவள் தூக்கிச் சுமந்த பிள்ளை. ஒரு நிமிஷம், கத்தரியை எடுத்து அந்தத் தையலைப் பிரித்துவிடலாமா என்றுகூட இருந்தது. பிரிக்க அவளுக்கு ஐந்து நிமிஷம் ஆகாது.

"அப்போ நாங்க யாருமே உனக்கு வேண்டாமாக்கா?"

அவள் முன் சக்கரத்தைக் கழற்றி, சீட்டை இறக்கி, சைக்கிளைத் தூக்கி உள்ளே படுக்கவைத்தாள். பின் கதவைச் சாத்தினாள். பிறகு அவன் சட்டைக் காலர் மடங்கியிருந்ததைச் சரிசெய்துவிட்டாள்.

"நீங்க எல்லாரும் வேணும்டா. பின் சீட்டுதான் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள்.