காம்போடு பூ கேட்டவள்

ஊருக்கு வந்த முதல் வாரமே சிங்கப்பெருமாள் கோயில் கடைத்தெருவில் சிக்கல். காம்போடு பூ வேண்டும் என்று கேட்டேன். பூக்கார அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"காம்போடவா? ஆட்டுக்குப் போடப் போறியா? பூ வேணும்னா சொல்லு, எத்தினி மொழம்?"

"மொழம் வேணாங்க்கா. நீளக் காம்போட ஒரு சாமந்தி. ஒண்ணு போதும்."

"ஒண்ணா?" பக்கத்துத் தேங்காய்க் கடைக்காரரை அழைத்தார். "அண்ணாத்த, ஜப்பான்லேர்ந்து வந்துகீது பொண்ணு. ஒரே ஒரு பூ வேணுமாம். அங்க அவ்ளோ பஞ்சம் போலகீது!"

எனக்கும் சிரிப்பு வந்தது. பிறந்து வளர்ந்த ஊரில், கூடை கூடையாக இருந்த பூவுக்கு நடுவே நின்றும் எனக்கு வேண்டிய பூ இல்லை. நமக்குப் பூ என்றால் அதன் தலை மட்டும்தான். காம்பு தோட்டத்தோடு நின்றுவிடுகிறது. நான் இப்போது இருக்கும் நகோயாவிலோ, கடையில் காம்பின் நீளத்தைப் பார்த்துத்தான் பூவையே கையில் எடுப்பார்கள்.

அங்கே வேலைக்குப் போன புதிதில், சாயங்காலத்தை என்ன செய்வது என்று தெரியாமல் இகெபானா வகுப்பில் சேர்ந்தேன். என்னைப் போல வெளியூரில் கிடப்பவர்களுக்கு அந்தச் சாயங்காலங்கள் தெரியும். இகெபானா என்றால், தட்டையான கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, ஓரிரு கிளையையும் பூவையும் அழகாக நிறுத்தும் ஜப்பானிய முறை. அடியில் கென்சான் என்று ஊசிகள் நிறைந்த கனமான வில்லை ஒன்று இருக்கும். அதில் காம்பைக் குத்தவேண்டும். முதல் நாள் நான் கல்யாண மேடை மாதிரி இடைவெளியே இல்லாமல் குத்திவைத்தேன். சொல்லிக்கொடுத்த மொரிதா சான் ஒன்றும் பேசாமல் ஒவ்வொரு பூவாக உருவிக் கீழே வைத்தார். வாடியதை எடுக்கிறார் போலும் என்று, அடுத்த வாரம் இன்னும் புதிதாக, இன்னும் நிறைய வாங்கிப்போனேன். அவர் பெருமூச்சு விட்டு மறுபடியும் உருவினார். காலி இடத்தையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும் என்று புரிவதற்குள் ஒரு குளிர்காலம் போய்விட்டது.

இந்த முறை நான் வந்தது அம்மாவை அழைத்துப்போக. அப்பா இறந்த பிறகு வீட்டில் அம்மா மட்டும்தான். முதலில் சில மாதம் வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம். பாஸ்போர்ட், விசா எல்லாம் ஆயிற்று. அம்மா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் பேசுவேன், அவள் அரிசி களைவாள். பேசிப் பேசி இருவருக்கும் அலுத்துப்போனது. சரி, பேச்சு வேண்டாம், அந்த ஊரைக் கொஞ்சம் ஹாலுக்குள் கொண்டுவருவோம் என்றுதான் அங்கிருந்து எடுத்துவந்த கிண்ணத்தை வைத்தேன்.

அம்மா கென்சானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னாடி இது, குதிகால் தேய்க்கறதா?"

காம்போடு பூ கிடைக்காததால், காய்ந்த கொய்யாக் கிளை ஒன்றையும் பக்கத்தில் ஒரே ஒரு செம்பருத்தியையும் நிறுத்தினேன். மறுநாள் காலை பார்த்தால் கிண்ணம் முழுக்க நந்தியாவட்டை, கிளையே தெரியவில்லை.

"அரகொறையா வுட்டுட்டு தூங்கப் போய்ட்ட. நான்தான் முடிச்சி வச்சேன்" என்றாள் அம்மா.

அன்று இருவரும் கடைத்தெருவுக்குப் போனோம். பூக்கார அக்கா எனக்கு மல்லிகைச் சரத்தை அளந்து கிள்ளிக் கொடுத்தார். அம்மாவிடம் ஒரு பொட்டலம் உதிரிப் பூவை நீட்டினார், சாமி படத்துக்கு. எத்தனை முழம் என்று அம்மாவைக் கேட்கவே இல்லை. அப்பா இருந்தவரை முதல் சரம் அம்மாவின் தலைக்குத்தான் போகும். அம்மா பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். நான் சரத்தைத் தலையில் வைக்காமல் பைக்குள் போட்டேன்.

அடுத்த நாள் கிண்ணத்தில் வைக்கச் சவுக்குக் கிளை ஒடிக்க மாமல்லபுரம் பக்கம் ஸ்கூட்டரில் போனோம். கடலைப் பார்த்தபடி மணலில் உட்கார்ந்தபோது, கடைசியாகச் சொல்லலாம் என்று வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அங்க நீ தலைநெறைய பூ வச்சிகினு போனாலும் ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கம்மா."

அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையிலிருந்த மணலைத் தட்டினாள்.

"அதாண்டி எனக்கு ஒத்துவராது. இங்க நான் வெறுந்தலையா நடந்தா, உங்கப்பா இல்லன்னு ஊருக்கே தெரியும். பூக்காரி கேக்காமலே சாமிப் பூவ எடுத்துக் குடுக்கறா பாரு. அவ மனசுல அவரு கீறாரு. அங்க வெறுந்தலைன்னா வெறும் தலைதான். எனக்கு ஒரு புருசன் இருந்தான்னு எவனுக்குத் தெரியும்?"

"அதுக்காக இங்கயே தனியா இருந்துடுவியா?"

"இருந்துகினுதான கீறேன்."

அந்த வழக்கத்தின் மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்றும் குறையவில்லை. சொல்ல ஆயிரம் பதில் இருந்தது. ஆனால் நான் விடுதலை என்று எடுத்துப்போனதில் அம்மா கண்டது அப்பாவின் இன்னொரு சாவு. "உன் டிக்கெட்ட கேன்சல் பண்ணிடவாம்மா?" என்றேன். "பண்ணிடு" என்றாள். பிறகு எழுந்து, எனக்காக ஒரு நல்ல சவுக்குக் கிளையாகப் பார்த்து ஒடித்தாள்.

இதை நகோயாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இகெபானாவுக்கு முன்பக்கம் ஒன்று உண்டு. எதிரே உட்காருபவருக்காகவே அது செய்யப்படுகிறது. தினமும் அம்மாவோடு வீடியோவில் பேசும்போது கிண்ணத்தை போன் பக்கம் திருப்பி வைக்கிறேன். "மொட்டையா கீது, இன்னும் ரெண்டு வை" என்கிறாள். பேசி முடித்த பிறகும் அதை என் பக்கம் திருப்ப மனம் வருவதில்லை. பூவின் முகம் அந்தப் பக்கமே இருக்கிறது. இந்தப் பக்கம், இலைகளின் வெளிறிய அடிப்புறத்தைப் பார்த்தபடி நான் சாப்பிடுகிறேன்.