கழற்றிய பெயர்

என் தையல் பெட்டியின் அடியில், பொத்தான்களுக்கும் நூல்கட்டைகளுக்கும் கீழே, ஒரு விரல் நீளத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டொன்று கிடக்கிறது. அதில் கறுப்பு எழுத்தில் ஒரு பெண்ணின் முழுப் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. என் பெயரல்ல. நோர்வேயில், புருசெத்தில் நாங்கள் குடியிருந்த மாடிக் குடியிருப்பில், படிக்கட்டின் அடியில் வரிசையாக இருந்த தபால்பெட்டிகளில் ஒன்றிலிருந்து வந்தது. வெண்ணெய்க் கத்தியால் நான்தான் அதைக் கழற்றினேன். அரை நிமிட வேலை. அதற்காக வெட்கப்பட்டு முடிக்க எனக்கு இத்தனை வருடம் போதவில்லை.

அந்தப் பெயருக்கு உரியவர் என் கணவரின் மூத்த சகோதரி, எனக்கு மச்சாள். நாங்கள் மூன்றாம் மாடி, அவர் எங்கள் தலைக்கு மேலே நாலாம் மாடி. ஒரு மருத்துவமனையின் முதியோர் வார்டில் உதவித் தாதியாக வேலை செய்தார். இரண்டாயிரத்தின் முதற் பத்தாண்டில், சிறிய வார்டுகளை மூடிப் பெரிய மருத்துவமனைகளோடு சேர்ப்பதா வேண்டாமா என்று ஊரே சண்டை பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. மச்சாளின் வார்டும் மூடும் பட்டியலில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சோற்று மேசையில் எங்கள் வீட்டிலும் அந்தச் சண்டை நடக்கும். "பெரிய ஆசுபத்திரியெண்டால் பெரிய டொக்டர்மார் இருப்பினம்தானே அக்கா" என்பார் என் மனுசன். "எண்பத்தைந்து வயசு மனுசிக்கு டொக்டரை விடப் பக்கத்தில ஒரு ஆள் வேணுமடா" என்பார் மச்சாள். நான் இரண்டு பேருக்கும் மீன்குழம்பு ஊற்றுவேன். எனக்கு அரசியல் வேண்டாம் என்பதுதான் அன்றைக்கு என்னுடைய அரசியல்.

பிறகு எங்கள் பகுதிப் பத்திரிகையில் ஒருவர் வாசகர் கடிதம் எழுதினார். அந்த வார்டில் கட்டிலில் கிடப்பவர்களும் வெளிநாட்டவர், கழுவித் துடைப்பவர்களும் வெளிநாட்டவர், நோர்வே மக்களின் வரியில் அது எதற்கு, மூடட்டும் என்று எழுதியிருந்தார். இதையெல்லாம் அச்சடிக்கப் பத்திரிகைக்காரருக்கு வெட்கமில்லையா, தடை செய்ய வேண்டாமா என்று கத்தினேன். மச்சாள் நிதானமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "அவர் தன்ரை பேரைப் போட்டு எழுதியிருக்கிறார். நானும் என்ரை பேரைப் போட்டு எழுதுறன். அவரை ஏன் நிப்பாட்டோணும்?" பெயரையாவது போடாமல் எழுதுங்கோ என்று கெஞ்சினேன். அப்போது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பேர் போடாமல் கதைக்கிறதெண்டால் நாங்கள் நாட்டை விட்டு வராமல் அங்கையே இருந்திருக்கலாம்."

மச்சாளின் கடிதம் பத்திரிகையில் முழுப் பெயரோடு வந்தது. அதே வாரம், குடியிருப்பின் பராமரிப்பாளரிடம் சொல்லித் தபால்பெட்டிக்குத் தன் பெயரிலும் ஒரு பலகை வாங்கினார். அதுவரை அவர் கணவர், எங்கள் அத்தானின் பெயர் மட்டும்தான் அதில் இருந்தது.

முதலாவது பத்திரிகைத் துண்டு நாலு நாளைக்குப் பிறகு வந்தது. மச்சாள் வேலைக்குப் போகும் நாட்களில் அவர் தபாலை நான்தான் எடுத்து வைப்பேன், என்னிடம் பெட்டியைத் திறக்க ஒரு திறப்பு இருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டிவிடும் மாதம். பெட்டிக்குள் அவருடைய கடிதமே கிடந்தது, பத்திரிகையிலிருந்து நேர்கோட்டில் கச்சிதமாக வெட்டியெடுத்தபடி. உறையில்லை, முத்திரையில்லை, ஒரு சொல் இல்லை. சில வரிகளுக்கு அடியில் மட்டும் சிவப்புப் பென்சிலால் கோடு. நான் அதைப் பிடித்தபடி நிற்கும்போது படிக்கட்டு விளக்கு தன் பாட்டில் அணைந்தது. அது நேரம் வைத்து அணையும் விளக்கு, தினமும் அணைவதுதான். அன்றைக்கு நான் சுவிட்சைத் தேடாமல் இருட்டிலேயே மூன்று மாடியும் ஏறினேன்.

யுத்த காலத்தில், நாங்கள் விட்டுவந்த எங்கள் ஊரில் அப்படித்தான். காலையில் வாசல் படலையில் மிரட்டல் எழுதிய ஒரு துண்டுக் கடதாசி செருகியிருக்கும். ஆர் செருகியது என்று யாரும் கேட்கமாட்டார்கள். என் அண்ணருக்கு அப்படி ஒன்று வந்தது. அன்று மாலையே அவர் வீட்டை விட்டுப் போனார், பிறகு நாங்களும் போனோம். அதனால் துண்டு என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மச்சாள் இரண்டாவது கடிதம் எழுதினார். அதுவும் வெட்டப்பட்டு, சிவப்புக் கோடுகளோடு திரும்பி வந்தது. மூன்றாவதும் வந்தது. மச்சாள் சிரித்துக்கொண்டு, "ஆரோ ஒழுங்காய் வாசிக்கினம்" என்றார். ஆனால் அதற்குப் பிறகு அவர் படியேறும்போது ஒவ்வொரு தளத்திலும் ஒரு கணம் நின்று கேட்டுவிட்டு ஏறுவதை நான் என் கதவுக்குப் பின்னால் இருந்து எண்ணியிருக்கிறேன். எனக்குச் சந்தேகம் கீழ்வீட்டு நோர்வே மனுசியில்தான். தபால்பெட்டிகளுக்கு நேர் எதிரே அவருடைய கதவு. நான் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கதவின் கண்ணாடித் துளை, உள்ளே யாரோ கண் வைத்ததுபோல், இருண்டுவிடும். குடியிருப்புக் கூட்டத்தில், கதவுக்கு வெளியே செருப்புகளைக் குவிக்கிறார்கள் என்று எங்களைப் பார்த்துக் குறைப்பட்டவர் அவர். எங்களோடு பேசியது அந்த ஒரு முறைதான்.

வார்டைப் பற்றிப் பள்ளிக்கூட மண்டபத்தில் பொதுக்கூட்டம் வைத்தார்கள். பேசுவோர் பட்டியலில் மச்சாளின் பெயரும் இருந்தது. ஒரு வாரமாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பழகினார், தளம் வழியாக அந்த முணுமுணுப்பு எனக்குக் கேட்கும். கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்க, பெட்டிக்குள் வேறொரு துண்டு இருந்தது. இது மச்சாளுடையதல்ல. வார்டை மூடட்டும் என்று முதலில் எழுதிய அந்த மனிதரின் புதிய கடிதம். இவர்கள் தங்கள் நாட்டுக்கே போய் வைத்தியம் பார்க்கட்டும் என்ற வரியைச் சுற்றிச் சிவப்பில் ஒரு கட்டம் வரைந்திருந்தது.

அதை நான் மச்சாளுக்குக் காட்டவில்லை. வீட்டுக்குப் போய் வெண்ணெய்க் கத்தியை எடுத்து வந்தேன். பெயர் இல்லாவிட்டால் ஆளைத் தேட மாட்டார்கள் என்று நினைத்தேன். அத்தானின் பெயரை விட்டுவிட்டு மச்சாளுடையதை மட்டும் நெம்பி எடுத்தேன். பின்னால் கண்ணாடித் துளை இருண்டுதான் இருந்தது.

அன்று மாலை மச்சாள் வேலைச் சப்பாத்தோடேயே என் குசினிக்கு வந்து அடுப்படி மேசையில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தார். "பேரைக் கழட்டிப்போட்டினம்" என்றார். பலகை என் கம்பளிச் சட்டைப் பையில் கிடந்தது. என் விரல் அதன் விளிம்பில் இருந்தது. நான்தான் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். சொன்னால் அவர் திட்டிவிட்டுக் கூட்டத்துக்குப் போவார். சொல்லாவிட்டால் போகமாட்டார். நான் தேத்தண்ணீர் ஊற்றினேன். "கோடு போட்டதுக்கெல்லாம் நான் பயப்பிடேல்லை. ஆனால் இது வேறை. நான் போகேல்லை. நீர் போய் எனக்குச் சுகமில்லையெண்டு சொல்லிவிடும்" என்றார் மச்சாள். ஓம் என்றேன். எனக்கு வந்தது நிம்மதி. அதை மறைக்க மாட்டேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. நான் பின்வரிசையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தேன். செய்தியைச் சொல்லத் தைரியம் வரவில்லை. தலைவர் மச்சாளின் பெயரைத் தட்டுத்தடுமாறி வாசித்தார். ஒருவரும் எழும்பவில்லை. இன்னொரு தடவை வாசித்தார். தலைகள் திரும்பின. இறந்துபோன ஒருவரைக் கூப்பிடுவது போல இருந்தது, உயிரோடு இருப்பவர் வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் பேசாமல் இருக்கிறார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போது நடுவரிசையில் ஒரு கதிரை கிரீச்சிட்டது. கீழ்வீட்டு மனுசி ஊன்றுகோலோடு எழுந்தார். எல்லாப் பக்கமும் மெதுவாகத் திரும்பித் தேடினார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து, "அவர் வராவிட்டால் அவர் எழுதியதை நான் வாசிக்கிறேன்" என்றார். அந்தக் கரகரத்த குரலில் என் மச்சாள் பேசத் தொடங்கினார். "நான் கழுவிவிடும் உடம்பு எந்த நாட்டுக்காரருடையது என்று நான் கேட்பதில்லை. என் கை எந்த நாட்டுக் கை என்று அவர்களும் கேட்பதில்லை. கேட்பவர்கள் இன்னும் படுக்கையில் விழாதவர்கள்." ஒவ்வொரு வரியும் எனக்கு முன்கூட்டியே தெரியும். அவை எல்லாம் சிவப்புக் கோடு போட்ட வரிகள்.

வெளியே பனியில் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். என் முகத்துக்கு மிக அருகே வந்து, "அந்தப் பெட்டியைத் திறப்பவர் நீங்கள், நீங்கள்தானே இதை எழுதியவர்?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். அவருக்கு ஏமாற்றம். நல்லதாக எழுதியிருப்பதை வெட்டிக் கொடுத்தால் எழுதியவர் வைத்துக்கொள்வார் என்று பெட்டியில் போட்டாராம், கதவைத் தட்டித் தொந்தரவு செய்ய விரும்பவில்லையாம். கடைசித் துண்டு, அதற்கு மறுமொழி எழுதட்டும் என்பதற்காக. "இப்போது பெட்டியில் கணவர் பெயர் மட்டும் இருக்கிறது. பிரிந்து போய்விட்டாரா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். இந்த நாட்டில் பெட்டியிலிருந்து ஒரு பெயரை எடுத்தால் அதற்கு அதுதான் பொருள். நான் தலையாட்டினேன். "ஓம், வீடு மாறிவிட்டார்" என்று நோர்வேஜிய மொழியில் பொய் சொன்னேன்.

மண்டபத்தில் நடந்ததை நான் மச்சாளுக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு துண்டுகள் வரவில்லை. மச்சாள் எழுதவுமில்லை. வார்டை மூடினார்கள். ஒருவர் பேசியிருந்தால் மூடியிருக்கமாட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை, ஆனாலும் அது எனக்கு ஆறுதலாக இல்லை. மச்சாளும் அந்த மனுசியும் இன்னும் இரண்டு வருடம் அதே படிக்கட்டில் ஒருவரையொருவர் கடந்து போனார்கள். ஒருவர் சுவரோடு ஒதுங்குவார், மற்றவர் ஊன்றுகோலைத் தூக்கி வழிவிடுவார். இருவரும் ஒரு சொல் பேசவில்லை. மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அங்கே நடமாடியது இரண்டு ஆவிகள் என்றும், அவர்களை அப்படி ஆக்கியது நான் என்றும் தோன்றும். பிறகு அந்த மனுசி ஒரு பெரிய மருத்துவமனையில் இறந்துபோனார். மச்சாள் உண்மையாகவே வீடு மாறி ஹவுகெட்டோவுக்குப் போய்விட்டார். அங்கேயும் பெட்டியில் அத்தானின் பெயர் மட்டும்தான். போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

இப்போது எனக்கும் எழுத வருகிறது, மச்சாளுக்கும் எல்லாவற்றையும் வாசிக்கும் பழக்கம் போகவில்லை. இதையும் வாசிப்பார். பலகை எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குத் தெரியவரும். கோபம் வரும். ஆனால் முதலில் கேட்கப்போவது, "என்ரை பேரைப் போட்டனீரோ?" என்பதாகத்தான் இருக்கும். எழுதியதை மேலிருந்து கீழே பார்த்துவிட்டேன். எல்லா இடத்திலும் மச்சாள் என்றே எழுதியிருக்கிறேன். தையல் பெட்டியிலிருந்து எடுத்த பெயர் இப்போது மேசையில், என் கைக்கு எட்டிய தூரத்தில், எழுத்துப் பக்கம் கீழே இருக்கக் கிடக்கிறது. நான்தான் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.