சுவருக்கு வராத லாரி

எங்கள் தெருவில் வரிசையின் தலை எது, வால் எது என்பதைத் தண்ணீர் லாரிதான் முடிவு செய்யும். மனிதர்கள் எழுவதற்கு முன்பே குடங்கள் எழுந்துபோய் நின்றுவிடும். குடம் போதாதவர்கள் செங்கல் வைப்பார்கள், செங்கல் கிடைக்காதவர்கள் ஒற்றைச் செருப்பு. அந்தச் செருப்பைத் தள்ளிவிட்டு யாரும் முன்னால் போக முடியாது, அதற்கு ஆள் மரியாதை உண்டு. ஆனால் லாரிக்கு இதெல்லாம் தெரியாது. எண்ணூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் வண்டிகளுக்கு நடுவே நெளிந்து, மூச்சிரைத்து, ஒருநாள் கோயில் முனையில் நிற்கும், ஒருநாள் கடல் முனையில், அலையைத் தடுக்கக் கொட்டிய பாறைகளின் பக்கம். கோயில் முனையில் நின்றால் அங்கே குடம் வைத்தவள் ராணி. கடல் முனையில் நின்றால் அதே ராணி கடைசி ஆள். அப்புறம் திருவொற்றியூர் முழுக்கக் கேட்கிற மாதிரி நியாயம் பேசப்படும்.

இது தெரிந்தால்தான் நான் சொல்லப்போகும் அயோக்கியத்தனம் புரியும். அதைச் செய்தது நான் இல்லை, குழந்தைகள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

எங்கள் தெருவின் நடுவில் ஒரு படிப்பகம். ஒரு கேரம் போர்டு, மூன்று நாளிதழ், உப்புக்காற்றில் துருப்பிடித்த மின்விசிறி. ஞாயிறு காலையில் அதன் சாவியை வாங்கிக் குழந்தைகளுக்கு வரையவும் பாடவும் நடிக்கவும் வகுப்பு வைத்திருந்தேன். வாரத்தின் மற்ற நாட்களில் நான் கன்டெய்னர் கிடங்கொன்றில் பெட்டிகள் வருவதையும் போவதையும் குறிக்கிறவள். கவிதை என்று எதையோ எழுதுவேன், சுமாராக வரைவேன். எதுவும் முழுசாகத் தெரியாது என்பதாலோ என்னவோ, குழந்தைகளுக்கு என்னைப் பிடித்திருந்தது. டீச்சர் என்றார்கள். ஊரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தது.

தெருத் தலைவர் ஒருநாள் வந்து வாசலில் நின்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தரத்தில் தொங்கும் கன்டெய்னரைக் குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் இறக்கிவைத்த கை அவருடையது.

"வரையறது நல்லாத்தான் கீது டீச்சரே. வரைஞ்சா மார்க்கு வருமா?"

கற்பனை வளரும், கண் கவனிக்கப் பழகும், கூடிச் செய்கிற பழக்கம் வரும் என்று நான் அடுக்கினேன். கோயில் ஒலிபெருக்கியில் யாரோ அறிவிப்பு செய்வதைக் கேட்பதுபோல் பொறுமையாகக் கேட்டார்.

"சரி. அதல்லாம் எந்தப் பாடத்துல வருது?"

அவர் கேட்டதிலும் தப்பில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கில் எங்கள் தெருப் பிள்ளைகள் கொத்துக் கொத்தாக விழுந்துகொண்டிருந்தார்கள். டியூஷன் எடுக்க ஒரு மாஸ்டரைப் பிடித்திருந்தார், அவருக்கு ஞாயிறு காலைதான் தோது. இருந்தது ஒரே அறை.

"செவுத்துல என்னமோ ஆரம்பிச்சிக்கீறீங்க. பாதில வுட்டா கலீஜா இருக்கும். அத்த முடிச்சுடுங்க. முடிஞ்ச அன்னிக்கி சாவியக் குடுத்துடுங்க."

உள்ளே தூரிகை கழுவிக்கொண்டிருந்த கூட்டம் சத்தமே போடவில்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அந்தச் சுவர் படிப்பகத்தின் வெளிச்சுவர், தெருவைப் பார்த்தது. சாதாரணப் பெயின்ட் எங்கள் கடல் காற்றுக்கு ஒரு மழைக்காலம் தாங்காது. அதனால் படகுகளுக்கு அடித்து மிஞ்சியதை வீடு வீடாகக் கேட்டு வாங்கினோம். மரம் வரையலாம், பறவை வரையலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். வகுப்பிலிருந்த ஒரு பொடியன் கேட்டான்:

"பாத்து வரையணும்னு நீதான சொன்ன. மரத்த எங்க போய்ப் பாக்கறது டீச்சர்?"

எதிரே மணலிப் பக்கத்துப் புகைபோக்கி ஒன்று, பூக்காமல் காய்க்காமல் நின்றிருந்தது. நான் மரத்தைக் கைவிட்டேன்.

தெருவையே வரைவது என்று முடிவாயிற்று. முகங்கள் வரவில்லை. எல்லா முகமும் ஒரே கத்தரிக்காயாக வந்தது. பன்னிரண்டு வயது இருக்கும் ஒரு பெண், மீன் விற்கிறவளின் மகள், இடது கையால் வரைகிறவள், "மூஞ்சி எதுக்கு? கொடத்தப் போட்டா யாருன்னு தெரிஞ்சிடும்" என்றாள். அப்படித்தான் அந்தச் சுவரில் எங்கள் தெரு ஒரு ஆளும் இல்லாமல் வரிசையில் வந்து நின்றது. கழுத்தில் சிவப்பு பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிய பச்சைக் குடம். இடுப்பில் கயிறு கட்டிய ஆரஞ்சுக் குடம். வாய் உடைந்து சிரிக்கிற நீலக் குடம். நடுவில் ஒரு செங்கல், அதற்குப் பக்கத்தில் வார் அறுந்த செருப்பு. படகின் நீலமும் படகின் பச்சையும் வெயிலில் ஈரம்போல மின்னின. வருஷக்கணக்காகக் கையில் தூக்கிய பொருளை நாங்கள் அப்போதுதான் பார்த்தோம் என்று தோன்றியது.

வரிசை முடிந்த அன்று, காசிமேட்டிலிருந்து அன்னக்கூடையில் மீனோடு வந்த அந்தப் பெண்ணின் அம்மா சுவருக்கு எதிரே நின்றாள்.

"ஐய, இது எங்கூட்டுக் கொடம்."

ஒரு நிமிஷம் முகமெல்லாம் பல். பிறகு கண் வரிசையை அளந்தது. பச்சைக் குடம் கடல் முனையில் கடைசியாக நின்றது.

"ஏன்டி, பெத்தவள இட்டாந்து கடைசில குந்த வெச்சிக்கீறியே, நல்லாக்கீதா இது?"

கோயில் முனையில் நின்றது தலைவர் மனைவியின் ஆரஞ்சுக் குடம். அவர் ஏற்கெனவே வந்து, புடவைத் தலைப்பால் தன் குடத்தின்மேல் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எந்தெந்தக் கொடம் எங்க இருக்கணுமோ அங்கதான் கீது."

"என்னாத்த அங்க கீது? நீ என்னிக்கு நாலு மணிக்கு எய்ந்த? ஆறு மணிக்கு வந்து செருப்ப வுடுவ, தலைவரு வூடுன்னு உதாரு."

நீலக் குடத்துக்காரி வந்தாள். செருப்புக்காரர் வந்தார், தன் செருப்பை வார் அறுந்ததாக வரைந்தது தப்பு, அதைத் தைத்தாயிற்று என்றார். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத சுவருக்கு முன்னால், தண்ணீருக்கு நடக்கிற சண்டை அச்சு அசலாக நடந்தது.

அந்தப் பெண் தூரிகையைத் துடைத்தபடி சொன்னாள்:

"யாரு கடைசின்னு நீங்களே ஏன் சொல்றீங்க? லாரி எங்க நிக்கும்னு நான் இன்னும் வரையலியே."

தெரு இரண்டு முனையையும் திரும்பிப் பார்த்தது. உண்மைதான். கோயில் முனையிலும் இடம் வெறுமையாக இருந்தது, கடல் முனையிலும் இருந்தது.

"எப்ப வரைவ?" என்றார் தலைவர் மனைவி.

"கிளாசுல பேசிகினு கீறோம்."

எல்லாரும் கலைந்ததும் நான் அவளைத் தனியாகக் கேட்டேன், நிஜமாகவே எப்போது வரைவாய் என்று. என்னை இரக்கத்தோடு பார்த்தாள்.

"வரைஞ்சா செவுரு முடிஞ்சிடும் டீச்சர். சாவியக் குடுக்கணுமே."

அதன்பிறகு வந்த ஞாயிறுகள் என் வாழ்க்கையின் கொழுத்த ஞாயிறுகள். கோயில் முனைக்காரர்கள் பஜ்ஜி அனுப்பினார்கள். கடல் முனைக்காரர்கள் வறுத்த நெத்திலி அனுப்பினார்கள். நடுவில் இருந்தவர்களுக்கு எந்தப் பக்கம் வந்தாலும் ஒன்றுதான், அவர்கள் சும்மா வந்து இரண்டையும் சாப்பிட்டார்கள். குழந்தைகள் லாரியைப் பற்றி மிகத் தீவிரமாக ஆராய்ந்தார்கள். நெடுஞ்சாலைக்குப் போய் லாரி பார்த்து வரைந்தார்கள், லாரிக்குப் பாட்டுக் கட்டினார்கள், லாரியாக நடித்தார்கள். சுவரில் மட்டும் ஒரு கோடு விழவில்லை. தெருவில் ஒரு புதுப் பேச்சு பிறந்தது. மகனுக்கு எப்போது கல்யாணம் என்று யாராவது கேட்டால், "செவுத்துல லாரி வரட்டும்" என்பார்கள்.

தலைவர் புதுப் பூட்டோடு வந்தார்.

"டீச்சரே, பேஜாரா கீது. மாஸ்டரு கேட்டுகினே கீறாரு. ஒரு லாரி. அத்த எந்தப் பக்கமாச்சும் போட்டுத் தொலைங்களேன்."

"எந்தப் பக்கமாச்சுமா?" என்றது அவருக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல்.

தலைவர் பூட்டை வேட்டி மடிப்பில் செருகினார். தானே போட்டுவிட அவர் நீட்டிய கையில் அந்தப் பெண் தூரிகையை வைத்தாள், கொஞ்சமும் மறுக்காமல். அவர் கோயில் முனைக்குப் போனார், மனைவியின் குடம் இருந்த பக்கம். பச்சைக் குடத்துக்காரி இடுப்பில் கை வைத்து நின்றாள். தலைவர் மூச்சை இழுத்துப் பிடித்துச் சக்கரம் போட்டார். இன்னொன்று போட்டார். அதன்மேல் ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து ஒரு வால்.

எல்லாரும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். பிறகு பொடியன் கேட்டான்:

"இன்னா நைனா இது?"

"லாரிடா."

"ஆட்டோவுக்கு வவுத்து வலி வந்தா மாரி கீது."

தெரு சிரித்த சிரிப்பில் பாறைமேல் உட்கார்ந்திருந்த காக்காய்கள் எழுந்தன. பச்சைக் குடத்துக்காரி சிரிப்பை அடக்கித் தீர்ப்பு சொன்னாள்: "இத லாரின்னு நான் ஒத்துக்க மாட்டேன். இதுலேருந்து தண்ணி வராது." தலைவர் மனைவிதான் காப்பாற்ற வேண்டும். அவர் கிட்டே போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். "எனக்கும் கரண்டு டிரான்ஸ்பாரம் மாரிதான் தெரியுது" என்றார்.

சுவர் முடியவில்லை என்று ஊரே ஒப்புக்கொண்டது. தலைவர் மட்டும் நகரவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தரத்தில் எத்தனையோ டன்னைத் தூக்கிய கை ஒரு வட்டத்தில் கோணிப்போனதை அவரால் தாங்க முடியவில்லை.

"சக்கரம் ஏன் இப்டி வருது?" என்று கேட்டார். என்னை அல்ல, அந்தப் பெண்ணை.

"நீ ரொம்ப இறுக்கிப் புடிக்கிற. மொதல்ல காயிதத்துல போடணும். ஞாயித்துக்கெயம வா."

மாஸ்டரின் டியூஷனைத் தன் வீட்டு மொட்டைமாடிக்கு மாற்றினார் தலைவர். பந்தல் போட்டார், அதில் எங்கள் குழந்தைகளில் பாதிப் பேர் வரைந்து முடித்துவிட்டுப் போய்க் கணக்கும் படிக்கிறார்கள். வரைந்ததால் மார்க்கு வந்ததா என்று இன்னும் எனக்குத் தெரியாது. ஞாயிறு காலையில் அவர் கடைசி வரிசையில் சம்மணம் போட்டு வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். கடல் காற்று காகிதத்தைத் தூக்கும். தூக்காமலிருக்க, அதன்மேல் அந்தப் புதுப் பூட்டை வைத்திருக்கிறார். வட்டம் இப்போது கொஞ்சம் வட்டமாகவே வருகிறது. நன்றாக வந்துவிடப் போகிறதே என்ற கவலையில் இடது கைக்காரி அவ்வப்போது எட்டிப் பார்த்து, "இன்னும் சரியா வர்ல நைனா" என்கிறாள்.