படம் பார்த்துச் சொல்கிறவர்

"...அழாத பாப்பா, நீ அம்மாகூடப் போ. நான் முழுசா பாத்துட்டு வந்து சொல்றேன்." இது என் அப்பாவின் குரல். எண்பது வருஷத்துக்குப் பிறகு நேற்று மறுபடியும் கேட்டது.

அப்போது பேத்தியின் கைப்பேசியில் ஒரு பெண் புதுப் பேய்ப்படம் ஒன்றை விமர்சித்துக்கொண்டிருந்தாள். இயக்குநருக்கு இதுதான் முதல் படமாம். "கொட்டகைக் கதவ வெளியில பூட்டுற இடம் இருக்கே, செம பயம் லா! முடிவ மட்டும் கேக்காதீங்க," என்று சிரித்தாள்.

மலாயாவில், சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் அப்பாதான் படம் பார்த்துச் சொல்கிறவர். பட்டணத்தில் பார்த்துவிட்டு வந்து குழாயடியில் உட்காருவார். பேய் வரும் இடத்தில் குரலை இறக்குவார். "முடிவ சொல்லுண்ணே, இல்லன்னா சோறு எறங்காது," என்பார்கள் பெண்கள்.

ஜப்பான்காரன் காலத்தில் ஒரு மத்தியானம் பட்டணத்தில் இலவசப் படம் என்றார்கள். "சும்மாதான காட்டுறான், வாங்க," என்று லயத்தையே கிளப்பிக்கொண்டு போனது அப்பாதான். பாதிப் படத்தில் விளக்கைப் போட்டார்கள். பெண்களும் பிள்ளைகளும் வெளியே போகலாம், ஆண்கள் சயாமுக்கு ரயில் பாதை போட வரவேண்டும் என்றார்கள். வாசலில் துப்பாக்கியோடு சிப்பாய்கள். அப்படிச் சயாமுக்குப் போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

"ஒன் பேச்சக் கேட்டுத்தானடா வந்தோம்!" என்று பக்கத்து வீட்டுச் சின்னசாமி மாமா கத்தினார்.

அப்பா அழுதுகொண்டிருந்த என் பக்கம் திரும்பினார். முழுசா பாத்துட்டு வந்து சொல்றேன் என்று சொல்லி, அம்மா பக்கம் தள்ளிவிட்டார். கதவைச் சாத்துமுன் திரும்பிப் பார்த்தேன்; அவர் வெறும் திரைக்கு முன்னால் போய் நின்று, படம் நின்ற இடத்திலிருந்து மீதிக் கதையை உள்ளே மாட்டிக்கொண்ட ஆண்களுக்குச் சொல்ல ஆரம்பித்தார்.