முட்டைக்கு அடை

தொழிற்பாதுகாப்பு டிப்ளமோ முடித்த கையோடு, சிதறாலுக்குப் பக்கத்தில் ஒரு முந்திரி ஆலையில் சேர்ந்தேன். ஆலையில் எத்தனை பேருக்கு, எவ்வளவு அடிக்கடி அடிபடுகிறது என்று மாதாமாதம் கணக்குப் பார்த்துச் சொல்வது என் வேலை. அடிபட்டு மறுநாள் வேலைக்கு வராதவர்களின் எண்ணிக்கையை, எல்லோரும் உழைத்த மொத்த மணிநேரத்தால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் திருத்தலாம் என்று பஸ்ஸில் வரும்போதே திட்டம் போட்டிருந்தேன்.

முதல் மாதம் பூஜ்ஜியம். அடுத்த மாதமும் பூஜ்ஜியம். மேலாளர் அதைப் பெரிதாக அச்சடித்து வாசலில் மாட்டினார். பருப்பு வாங்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

சூட்சுமம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. யாருக்கு அடிபட்டாலும் மறுநாள் காலை ஆலை வேன் அவர் வீட்டுக்குப் போய்விடும். கூட்டிவந்து, வருகையைப் பதிந்து, பேக்கிங் அறை ஓரமாக அந்த நாற்காலியில் உட்கார வைப்பார்கள். சாயங்காலம் வரை சும்மா இருக்க வேண்டும். வேலைக்கு வந்தாயிற்று, ஆகவே அடிபடவில்லை. மேலாளர் இதற்கு வைத்த பெயர் லைட் டியூட்டி. பெண்கள் வைத்த பெயர் மணவறை. வேன் உள்ளே நுழைந்ததும், "ஏட்டி, பொண்ணு வந்தாச்சு, குரவ போடுங்க" என்பார்கள்.

கொட்டை அவிக்கும் அக்கா ஒருத்திக்கு, தொட்டி மூடியைத் திறந்தபோது ஆவி அடித்து வலது கை வெந்துவிட்டது. வீட்டில் இருக்கச் சொன்னார் டாக்டர். விபத்து என்று ஆலை எழுதிக் கொடுத்தால், புண் ஆறும்வரை ஈ.எஸ்.ஐ.யில் கூலி கிடைக்கும். எழுதினால் பூஜ்ஜியம் போய்விடுமே. அவளுக்கும் வேன் போனது. தூசி பறக்கிற அறையில் கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கட்டு ஈரமாகிக்கொண்டே வந்தது. வீட்டிலும் சும்மாதானே இருப்பாய், இங்கே ஃபேனாவது ஓடுகிறதே என்றார் மேலாளர், ஏதோ தானம் செய்கிறவர்போல.

அக்கா எழுந்தாள். "ஒங்க முட்டைக்கு அடையிருக்க என்னக் கொண்டு ஒக்காது சாரே. வேணும்னா நீங்க இரியுங்க."

அறை முழுக்கச் சிரித்தது. எவளோ கோழி மாதிரி கொக்கரித்தாள். அக்கா ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

கை எப்படி இருக்கிறது என்று மேலாளர் கேட்கவில்லை. சொந்த லீவு என்று எழுதிவிடச் சொன்னார். நான் விபத்து என்று எழுதி அவர் முன்னால் வைத்தேன். கையெழுத்து இல்லையென்றால் அக்கா புகார் கொடுப்பாள், அந்த அறையே சாட்சி சொல்லும் என்றேன். புகார் என்ற சொல்லுக்கு முகம் வெளுத்தது. பருப்பு வாங்குகிறவர்கள் காதுக்குப் போய்விடுமாம்.

"அப்போ ரேட்டு எவ்வளவு வரும்?"

சொன்னேன். நெற்றியைத் தேய்த்தார்.

"வாட்ச்மேன், டிரைவர் மணிநேரத்தையும் கீழ சேத்தியா?"

சேர்த்தாச்சு என்றேன். வகுக்கிற எண் பெருத்தால் விகிதம் சுருங்கும் என்கிற அளவுக்கு மனிதருக்குக் கணக்கு வரும். கோயில் கொடை விழாவுக்கு ஆலை மூடிக்கிடந்த நாளையும் சேர்க்கலாமா என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் தாளை இழுத்துக்கொண்டேன்.