அம்மா ஒப்புப் பார்த்தாள்

இது கதை இல்லை. போன மாதம் எனக்கே நடந்தது, அதுவும் பட்டப்பகலில். நான் பேய்க்குப் பயப்படுகிற ஆள் இல்லை. பயம் என்றால் அம்மாவிடம் மட்டும்தான்.

அம்மா ஓய்வு பெற்ற டைப்பிஸ்ட். அவள் அலுவலகத்தில் டைப் அடித்த எதையும் ஒப்புப் பார்க்காமல் வெளியே அனுப்ப மாட்டார்கள். ஒருவர் சத்தமாக வாசிப்பார். மற்றவர் மூலத்தில் பென்சிலை ஓட்டியபடி கேட்பார். தப்பு வந்தால் வாய் திறக்க மாட்டார். பென்சிலால் மேஜையில் ஒரு தட்டு. வாசிப்பவர் அந்த வரிக்குத் திரும்ப வேண்டும். வீட்டில் என் பள்ளிக் கட்டுரைகளுக்கும் இதே சட்டம்தான். அந்தத் தட்டுக்கு நான் நடுங்குவேன்.

எண்பத்திரண்டு வயதில் ஆஸ்பத்திரியில் இறந்தாள். வேலை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று தள்ளிப்போட்டவள் நான். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "தூக்கத்துலயே போயிட்டாங்கக்கா. யாரையும் தேடல," என்றான் தம்பி. அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் நான் ராத்திரிகளைத் தள்ளினேன்.

இரண்டு வாரம் கழித்து, அவளோடு வேலை பார்த்தவர்கள் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். நான் பேச வேண்டும். அதற்கு முந்தின நாள் மாலை 4:10. தம்பி வெளியே போயிருந்தான். வீட்டில் வேறு யாரும் இல்லை. அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து, எழுதியதைச் சத்தமாக வாசித்துப் பார்த்தேன்.

"அம்மா முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தார்..."

டொக்.

ஜன்னலாக இருக்கும் என்று நினைத்தேன். ஜன்னல் சாத்தியிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அலமாரியிலிருந்து அவளுடைய ஓய்வு உத்தரவை எடுத்துப் பார்த்தேன். முப்பத்து நான்கு வருடம், இரண்டு மாதம். திருத்தி வாசித்தேன். சத்தம் இல்லை.

"ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை..."

டொக்.

சத்தம் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த மேஜையிலிருந்துதான் வந்தது. மேலே அவளுடைய பென்சில் அசையாமல் கிடந்தது. எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது நாற்பத்தொரு நாள் சம்பளமில்லாத லீவு போட்டு என் பக்கத்திலேயே இருந்தவள் அம்மா. அது எப்படி எனக்கு மறந்தது? வெட்கமாக இருந்தது. அடித்துத் திருத்தினேன்.

மணி 4:25. எழுந்து போயிருக்கலாம். பாதியில் எழுந்தால் அம்மாவுக்குப் பிடிக்காது...

"கடைசி நேரத்தில் அவர் கையை நான் பிடித்திருந்தேன்."

டொக்.

அது பொய். ஊருக்காக எழுதியது. அடித்தேன். இன்னும் ஒரே வரி.

"அம்மா தூக்கத்திலேயே நிம்மதியாகப் போனார்."

டொக்.

மறுபடி வாசித்தேன்.

டொக். டொக்.

"இது நிஜம்தாம்மா..."

டொக். டொக். டொக்...

தெருவுக்கு ஓடினேன். காலில் செருப்புகூட இல்லை.

4:50-க்குத் தம்பி வந்தான். "அம்மா தூக்கத்துல போகலையா?" என்று கேட்டேன்.

அவன் முகம் வெளுத்தது. "யாருக்கா சொன்னது? அந்த நர்ஸா?"

பிறகு சொன்னான். இறந்த அன்று மதியத்திலிருந்து சாயங்காலம் வரை அம்மா விழித்தேதான் இருந்தாளாம். என் நம்பரைத் தப்பில்லாமல் சொல்லி, நர்ஸின் போனிலிருந்து கூப்பிடச் சொன்னாளாம். நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் "எடுத்துட்டாளா?" என்று கேட்டாளாம்.

என் போனில் அந்தத் தேதியைத் தேடினேன். இருந்தது. 2:10. 2:45. 3:30. 4:55.

தெரியாத நம்பர் என்று, நான்கையும் நான்தான் கட் செய்திருக்கிறேன்.