ஆண்டர்ஸின் மகன்

என் பெயர் ஆண்டர்சன். கன்னியாகுமரிக் கடற்கரையில் பிறந்தவனுக்கு இது எப்படி என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். எங்கள் ஊருக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்து வள்ளங்களுக்கு எஞ்சின் மாட்டக் கற்றுக்கொடுத்தாராம். அவர்மேல் அப்பாவுக்கு அவ்வளவு பிரியம். எல்லோரும் அவரைக் கூப்பிட்ட பெயரையே எனக்கு வைத்துவிட்டார்.

தொண்ணூறுகளில் அப்பாவின் வள்ளத்தை விட்டுவிட்டு, துபாய்க்குக் கப்பல் பழுதுபார்க்கும் வேலைக்குப் போனேன். கிளம்பிய அன்று அப்பா சொன்னது ஒன்றுதான். "போறதுன்னா போ. எம் பேரச் சொல்லிட்டு அலையாத." அதன்பின் அவர் பேசவில்லை. நானும் வீம்புக்காரன். துபாயில் எங்கள் தொழிலாளர் கேம்பில் இனிஷியலைக்கூட விட்டுவிட்டு வெறும் ஆண்டர்சன் என்றே சொல்லித் திரிந்தேன். வெள்ளிக்கிழமைகளில் நான் போன் செய்தால், ஊர் எஸ்.டி.டி. பூத்துக்கு அம்மா மட்டும் வருவாள். நான்கு வருஷம் அப்படியே போனது.

ஒரு ஆகஸ்ட் மத்தியானம், மேலே ஏற்றி வைத்திருந்த கப்பலின் நிழலில் படுத்திருந்தேன். புழுக்கத்தில் கடலும் வானமும் கரைந்து ஒன்றாகிக் கிடந்தன. தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அந்தக் கப்பலின் எஞ்சினியர், டென்மார்க்காரர், வயதானவர், பக்கத்தில் உட்கார்ந்து என் கேட் பாஸைப் பார்த்தார். அவர்கள் நாட்டில் இது கடைசியில் வரும் குடும்பப் பெயராம், யாரும் முன்னால் வைப்பதில்லையாம். ஆண்டர்ஸின் மகன் என்று அர்த்தம். ஆண்டர்ஸ் என்றால் நம் வேதத்தில் வரும், இயேசுவின் சீடரான மீனவர் அந்திரேயாதான். முன்பெல்லாம் தலைமுறைக்குத் தலைமுறை அப்பாவின் பெயரை வைத்து இதுவும் மாறுமாம். பிறகு ஒரு தலைமுறையில் அப்படியே நின்றுவிட்டதாம். நான் எங்கள் இனிஷியலைப் பற்றிச் சொன்னேன். அவர் பாஸை மறுபடி பார்த்தார்.

"அப்படியானால் இதில் உன் அப்பா எங்கே?"

பாஸை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சாயங்காலம், கேம்ப் இருக்கும் சோனாப்பூருக்குத் திரும்பும் பஸ்ஸில், முகம் தெரியாத ஆண்டர்ஸ் ஒருவர் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. அவரோடு பேச எனக்கு ஒன்றுமில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அப்பாவைப் பார்க்கவேண்டும் போலிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை, அப்பாவைக் கூட்டிவந்தால்தான் இனிப் பேசுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் கழித்து மறுபடி அடித்தபோது, மறுமுனையில் அப்பாவின் மூச்சு கேட்டது. என் பெயரின் அர்த்தத்தைச் சொன்னேன். இத்தனை காலம் யாரோ ஒருவருடைய மகனாகவே திரிந்திருக்கிறேன் என்றேன். அவர் செருமினார்.

"அந்திரேயாவும் கடலுக்குப் போனவருதான், குத்தமில்ல. ஆனா ஒன்ன வளத்தது நான்லா."

பின்னால் அம்மா என்னவோ சொல்வது கேட்டது. அப்பா மறுபடி செருமினார்.

"இனி ஆராவது கேட்டா, எம் பேரையும் சேத்துச் சொல்லுலே."